அடர்த்தியான முடியைச் சுமப்பவர்களுக்கு

முடி கொட்டாமல் இருக்க, நீளமாக வளர, அடர்த்தியாக வர என்று எண்ணெய் விளம்பரம் தொடங்கி பக்கத்து வீட்டு அக்கா வரை எல்லாரிடமும் ஒரு வழி இருக்கிறது. ஏற்கெனவே மண்டை நிறைய இருக்கிற முடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டுப் பாருங்கள். "உனக்கென்ன, குடுத்து வெச்சவ" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கழுத்து வலி, காயாத ஈரம், சீப்புக்குப் பயந்து ஓடும் குழந்தை, இதையெல்லாம் சொன்னால் கேட்பவர்களுக்குப் பெருமை அடிப்பதாகத்தான் படுகிறது. அதனால் நிறைய பெண்கள் வாயே திறப்பதில்லை.

போன வாரம் அண்ணி போன் செய்தார். அண்ணன் மகள் இந்த வருடம் ஆறாம் வகுப்பு. எங்கள் வீட்டு முடி அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது. "தலைக்கு ஊத்தி உட்டா பொழுதெறங்கற வரைக்கும் காய மாட்டீங்குது அம்மிணி. ரெட்டை ஜடை போடறதுக்குள்ள அவளும் அழுவுறா, எனக்கும் கை ஓஞ்சு போவுது. பேசாம ஒட்ட வெட்டி உட்றலாமான்னு இருக்குது" என்றார். போனில் கொஞ்சம்தான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். அண்ணியைப் போல வேறு அம்மாக்களும் இருப்பார்கள்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். அடர்த்தி என்று சொல்லும்போது இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொல்கிறோம். தலையில் எத்தனை முடி என்பது ஒன்று. சராசரியாக ஒரு லட்சம் என்பார்கள், சிலருக்கு இன்னும் அதிகம். ஒவ்வொரு முடியும் எவ்வளவு தடிமன் என்பது இன்னொன்று. மெல்லிய முடி 0.05 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், தடித்தது 0.1 மில்லிமீட்டரைத் தொடும். ஒற்றை முடியை இரண்டு விரல்களுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். இருப்பதே தெரியவில்லை என்றால் மெல்லிய முடி, தெளிவாகத் தட்டுப்பட்டால் தடித்த முடி. மெல்லிய முடி எண்ணிக்கையில் நிறைய இருப்பவர்களுக்கு எண்ணெய் துளி கூடினாலும் படிந்து பிசுபிசுக்கும். தடிப்பும் எண்ணிக்கையும் சேர்ந்தவர்களுக்கு ரப்பர் பேண்டு இரண்டாவது சுற்றே வராது. எங்களுக்கு இரண்டாவது வகை, கூடவே அலை அலையாகவும் இருக்கும். நான் சொல்லப்போவதெல்லாம் அந்த முடிக்கு.

இந்த முடிக்கு எல்லாச் சிரமமும் தண்ணீரில்தான் ஆரம்பிக்கிறது. முடி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். முடிக்கும் முடிக்கும் நடுவே தேங்கி நிற்கிற தண்ணீர் அது போக. பவானி ஜமக்காளத்தைத் துவைத்து மடித்துக் கொடியில் போட்டால் மேல் மடிப்பு சுக்காகக் காய்ந்திருக்கும், உள்ளே கையை விட்டால் சொதசொதவென்று இருக்கும். இங்கேயும் அதே கதைதான். மேலே தொட்டுப் பார்த்து "காஞ்சிருச்சு" என்று பின்னிவிடுகிறோம், பிடரி முழுக்க ஈரம். அந்த ஈரத்தில்தான் நாற்றமும் அரிப்பும் வருகின்றன. பொடுகுக்குக் காரணமான பூஞ்சை எல்லார் தலையிலும் இருப்பதுதான்; அதற்கு ஈரமும் எண்ணெய்ப் பசையும் வாய்த்துவிட்டால் கொண்டாட்டம்.

அதனால் நேரம் முக்கியம். பள்ளிக்கூட நாளில் காலையில் தலைக்கு ஊற்றவே வேண்டாம். சனி அல்லது ஞாயிறு, காலை 8 மணிக்குள் முடித்துவிட வேண்டும். இரவுக் குளியல் கூடவே கூடாது. ஈரத்தலையோடு தலையணையில் புரண்டால் மறுநாள் சிக்கு எடுக்கவே காலைப்பொழுது போய்விடும். டர்க்கி டவலை விட்டுவிட்டு, பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். டர்க்கி டவலின் நூல் வளையங்களில் முடி மாட்டிக்கொண்டு அறுபடும். வேட்டித் துணியால் தேய்க்காமல் பிடித்துப் பிழியுங்கள். ஒரு துணி நனைந்ததும் அடுத்தது. எங்கள் வீட்டில் மூன்று துண்டு நனைந்த பிறகுதான் முடி சொட்டுவது நிற்கும். பிறகு தலையைக் குனிய வைத்து, முடியை முன்னால் தள்ளிவிட்டு, பிடரியைக் காற்றாடிக்குக் காட்ட வேண்டும். எல்லாரும் நுனியை உதறுகிறார்கள். நுனி தானாகக் காயும், வேர்தான் காயாது.

அம்மாவைப் பெற்ற அம்மிச்சி வீட்டில் சாம்பிராணி போடுவார்கள். தூபக்காலில் கரி நெருப்பு, அதன்மேல் கவிழ்த்த மூங்கில் கூடை, கூடைமேல் முடியைப் பரப்பிவிட்டுப் படுக்க வேண்டும். வாசனையைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். அடர்ந்த முடிக்கு உண்மையில் உதவியது அந்த மெல்லிய சூடு. வீசிங் இருக்கிற குழந்தைகளுக்கு மட்டும் புகை வேண்டாம். அவசரத்துக்கு ஹேர் டிரையர் போடலாம், ஒன்றும் ஆகாது. சூட்டைக் குறைத்து, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, வேரிலிருந்து நுனிப்பக்கம் காட்டினால் போதும்.

இனி அலசும் விஷயம். எங்கள் பக்கம் எண்ணெய்க் குளியலுக்கு அரப்புதான். உசிலமர இலையைக் காயவைத்து இடித்த பச்சைத் தூள், வடிகஞ்சியில் குழைத்துத் தேய்ப்பது. எண்ணெயை நன்றாக எடுக்கும், முடியை வறட்டாது, குளிர்ச்சி. ஆனால் மொந்தை முடிக்குள் அந்தத் தூள் போனால் எத்தனை செம்பு ஊற்றினாலும் முழுசாக வராது, காய்ந்தபிறகு பொடிப் பொடியாக உதிரும். அம்மிச்சி இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். அரப்பை நீர்க்கக் கரைத்து, மல்லுத் துணியில் வடிகட்டி, அந்தச் சாற்றை மட்டும் தலையில் ஊற்றுவார். சீயக்காய்க்கும் இதே வேலைதான். ஷாம்பு என்றாலும் நான் அப்படித்தான்: மக்கில் கொஞ்சம் எடுத்து நிறையத் தண்ணீர் விட்டுக் கலக்கி, வகிடு வகிடாகப் பிரித்துத் தலையோட்டில் படும்படி ஊற்றுவேன். உள்ளங்கையில் ஊற்றித் தலைமேல் தேய்த்தால் மேலே நுரை பொங்குமே தவிர உள்ளே ஒன்றும் போகாது. நீளத்துக்குத் தனியாக ஷாம்பு தேவையில்லை, வழிந்து வருவதே போதும். கண்டிஷனர் அதற்கு நேர் மாறு. காதுக்குக் கீழே மட்டும்.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் அலசிய முடிக்கும், போர்த் தண்ணீரில் அலசிய முடிக்கும் உள்ள வித்தியாசம் விரலிலேயே தெரியும். உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் முடியில் படிந்து சொரசொரவென்று ஆக்கிவிடும், ஏற்கெனவே தடித்த முடி இன்னும் விறைக்கும். குளியல் முழுக்க நல்ல தண்ணீரில் முடியாவிட்டாலும் கடைசி அலசலுக்கு ஒரு வாளி நல்ல தண்ணீர் எடுத்து வையுங்கள்.

எண்ணெய்க்கு வருகிறேன். குளிப்பதற்கு முன்பு தேங்காய் எண்ணெய் வைப்பதை நான் ஒருநாளும் விட மாட்டேன். 2003-ல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடியிலிருந்து புரதம் கழன்று போவதைக் கண்கூடாகக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதிலிருக்கும் லாரிக் அமிலம் சின்ன மூலக்கூறு, முடிக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது. மற்ற இரண்டும் மேலோடு நின்றுவிடும். உள்ளே எண்ணெய் இருந்தால் முடி தண்ணீரில் அவ்வளவாக ஊதாது. ஊதி ஊதிச் சுருங்குவதில்தான் முடி நைந்து போகிறது. நிறைய முடிக்கு நிறைய எண்ணெய் என்று மட்டும் நினைக்க வேண்டாம். வெதுவெதுப்பாக இரண்டு மேசைக்கரண்டி, நான்கு பாகமாகப் பிரித்து வைத்தால் அண்ணன் மகளுக்குப் போதும்.

சிக்கெடுப்பது. குழந்தைகள் அழுவது இங்கேதான். "தலைய ஆட்டாத கண்ணு" என்று அதட்டிப் பயனில்லை, வேரில் வலிக்கிறது, அவள் என்ன செய்வாள்? நேர் முடி என்றால் முக்கால்வாசி காய்ந்த பிறகு சீவலாம். ஈர முடி ரப்பராக இழுபடும், இழுத்தால் அறுந்துவிடும். ஆனால் அலை முடி, சுருட்டை முடிக்குக் கண்டிஷனர் வழுக்கல் இருக்கும்போதே குளியலறையில் விரலாலும் பெரிய பல் சீப்பாலும் எடுத்துவிடுவது நல்லது. காய்ந்துவிட்டால் அது பஞ்சாகப் பொங்கும், சீப்பு இறங்காது. எப்படியானாலும் நுனியில் ஆரம்பித்து நான்கு விரல் நான்கு விரலாக மேலே ஏற வேண்டும். எடுக்கும் இடத்துக்கு மேலே இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் வேருக்கு இழுப்பே போகாது. வலி பாதிக்கு மேல் குறைவது இந்த ஒரு பிடியில்தான். பேன் பார்ப்பதும் அப்படியே: நன்றாகச் சிக்கெடுத்த பிறகு மட்டும் பேன் சீப்பு, விரல் அகலத்துக்கு ஒரு வகிடாக.

கல்யாணத்துக்கு முன்பு ஒரு அழகு நிலையத்தில் நுனி மட்டும் சமன் செய்யச் சொல்லி உட்கார்ந்தேன். "ரொம்ப அடர்த்தியா இருக்கு, லைட் பண்ணி விடறேன்" என்று சொல்லிக்கொண்டே பல் வைத்த கத்தரியை வேருக்குப் பக்கத்தில் போட்டுவிட்டார் அந்தப் பெண். என்னைக் கேட்கவில்லை. வாரம் இரண்டு போவதற்குள் வெட்டுப்பட்ட குட்டை முடிகள் உள்ளிருந்து நீண்ட முடியைத் தள்ளிக்கொண்டு நின்றன. தலை முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது, பின்னலில் இருந்து சிலும்பு சிலும்பாக நீட்டிக்கொண்டு வந்தது. முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளரும். இடுப்பு வரை இருந்த முடியோடு அந்தக் குட்டை முடிகள் வந்து சேர எத்தனை வருடம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. பெண் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகிறவர்கள் நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள்: பல் கத்தரி வேண்டாம், ரேசர் வேண்டாம், கனம் குறைய வேண்டுமென்றால் கீழ்ப் பாதியில் நீளமான லேயர் மட்டும்.

பின்னல், கொண்டை விஷயத்தில் எடையைப் பங்கு போடுவதுதான் வேலை. உச்சியில் தூக்கிக் கட்டும் குதிரைவால் எங்களுக்கு ஆகாது. மொத்தக் கனமும் ஓரிடத்தில் தொங்கும், மதியத்துக்குள் தலை விண்ணென்று தெறிக்கும். இது மனப்பிரமை இல்லை. தலைவலிகளை வகைப்படுத்தும் சர்வதேசப் பட்டியலிலேயே வெளியிலிருந்து இழுபடுவதால் வரும் தலைவலி தனியாக இருக்கிறது, இழுப்பை எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் விட்டுவிடும் என்றும் அதில் சொல்லியிருக்கிறது. குழந்தை பள்ளிவிட்டு வந்து தலைவலி என்றால் முதலில் ஜடையை அவிழ்த்துவிட்டுப் பாருங்கள். வருடக்கணக்கில் இறுக்கிப் பின்னினால் நெற்றியோரமும் காதோரமும் முடி பின்வாங்கும். ஆரம்பத்தில் விட்டுவிட்டால் திரும்ப வளரும், நெடுநாள் இழுத்தால் வேரே அழிந்துவிடும். முடி நிறைய இருப்பவர்களுக்கு அது வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

பள்ளியில் கேட்கும் ரெட்டை ஜடை அடர்ந்த முடிக்கு நல்லதுதான், கனம் இரண்டாகப் பிரிகிறது. காதுக்கு மேலே ஆரம்பிக்காமல் காதுக்குப் பின்னால், தாழ்வாக ஆரம்பியுங்கள். முதல் இரண்டு மடிப்பு தளர்வாக, கீழே போகப்போக இறுக்கம். மூன்று காலில் பின்னினால் கட்டையாக விறைத்து நிற்கிறதா, நான்கு கால் போடுங்கள், தட்டையாகப் படியும். ரிப்பனில் மடித்துக் கட்டும்போது ரப்பர் பேண்டை விட்டுவிட்டுப் பருத்தி நாடா சுற்றுங்கள். அறுபடாது, முடியையும் கடிக்காது.

பெரியவர்களுக்குக் கொண்டை என்றால் முடியை இரண்டு பின்னலாகப் போட்டு, ஒன்றன்மேல் ஒன்று எதிரெதிராகச் சுற்றி, கொண்டை ஊசியால் குத்த வேண்டும். ஒற்றைச் சுருளாகச் சுற்றினால் ஒரு மணி நேரம் தாங்காது. ஊசியை நேராகக் குத்தக் கூடாது. முதலில் வெளிப்பக்கம் பார்த்து விட்டு, கொண்டையின் ஓர இழையைப் பிடித்து, அப்படியே திருப்பி உள்ளே தள்ளினால் தலையோரத்து முடியோடு பூட்டிக்கொள்ளும். ஐந்தாறு ஊசியில் நிற்கும்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று. கொண்டைக்கு இடம் விட வேண்டும் என்று பெரிய ஹெல்மெட் வாங்காதீர்கள், விழும்போது அது கழன்று ஓடும். பிடரிக்குக் கீழே ஆரம்பிக்கும் ஒற்றைப் பின்னல் போட்டு, பின்னலைச் சுடிதாருக்குள் விட்டுவிடுங்கள். ஹெல்மெட்டும் சரியாக உட்காரும், காற்றில் சிக்கும் விழாது.

அப்புறம் அண்ணி கேட்டது: ஒட்ட வெட்டிவிடலாமா? அவளுக்கே ஆசை என்றால் வெட்டலாம், முடி அவளுடையது. ஆனால் இந்த முடியைக் கழுத்தளவுக்கு வெட்டினால் கீழே இழுத்துப் பிடிக்கிற கனம் போய்விடும், இரண்டு பக்கமும் விரிந்து முக்கோணமாக நிற்கும். பின்னவும் வராது, விடவும் முடியாது. தோளுக்குக் கீழே ஒரு சாண் விட்டு வெட்டினால் காயும் நேரம் நன்றாகக் குறையும், ரெட்டை ஜடையும் வரும். ஐப்பசி மழை ஆரம்பிப்பதற்கு முன்பு வெட்டிவிடுவது நல்லது, அதற்குப் பிறகு வெயிலையே பார்க்க முடியாது. அவளிடம் கேட்டேன். "ஒரு சாண் போதுங்கத்தை" என்றாள். ஞாயிற்றுக்கிழமை நானே கூட்டிக்கொண்டு போகிறேன், வெட்டி முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நிற்பேன்.