ஆறாயிரம் மீட்டருக்கு என்ன உடுத்துவது

லடாக்கின் ஸ்டோக் காங்ரி மலை 2020-இல் மூடப்பட்ட பிறகு, முதல் ஆறாயிரம் மீட்டர் மலை ஏற நினைக்கும் நம்மவர்களில் நிறைய பேர் போவது காங் யாட்ஸே 2-க்குத்தான். ஏறக்குறைய 6,250 மீட்டர். பேஸ் கேம்பே 5,000 மீட்டருக்கு மேல். பதிவு செய்தவுடன் ஏற்பாட்டாளர்கள் ஒரு சாமான் பட்டியல் அனுப்பிவிடுவார்கள். அதில் எல்லாமே இருக்கும், எது எதற்கு என்பது மட்டும் இருக்காது. அதனால்தான் சென்னையிலோ கோவையிலோ கடைக்குள் நுழைகிறவர்கள் முதல் வேலையாக இருப்பதிலேயே தடிமனான ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். குளிரே பார்க்காத ஊரிலிருந்து போகிறோம், பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: குளிரை நினைத்து வாங்காதீர்கள், வியர்வையை நினைத்து வாங்குங்கள்.

குளிர் எவ்வளவு என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். லே நகரம் 3,500 மீட்டரில் இருக்கிறது, ஆகஸ்ட் இரவில் அங்கே பத்து டிகிரி என்று வைத்துக்கொண்டால், உச்சியில் மைனஸ் எட்டு. இது காற்றைச் சேர்க்காமல். நள்ளிரவில் கிளம்பி, விடியும் முன் முகட்டில் காற்று அடிக்கும்போது மைனஸ் 15, 20 போல இருக்கும். அதே பயணத்தில், அதற்குச் சில நாள் முன்பு மார்க்கா பள்ளத்தாக்கில் வெயில் மண்டையைப் பிளந்திருக்கும், டி-ஷர்ட்டோடு நடந்திருப்பீர்கள். இந்த இரண்டு கோடிக்கும் பொருந்துகிற ஒரே உடை என்று எதுவும் கிடையாது. போடவும் கழற்றவும் வசதியான மெல்லிய அடுக்குகள்தான் வழி.

தோலை ஒட்டிப் போடும் பேஸ் லேயரில் பருத்தி கூடவே கூடாது. நம் ஊரில் பனியன் என்றாலே திருப்பூர் பருத்திதான், இந்த வெயிலுக்கு அதைவிட நல்லது இல்லை. மலையில் அதே பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு விடாமல் வைத்திருக்கும். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால், நனைந்த பனியனோடு பத்து நிமிடம் ஓய்வுக்கு நின்றால் மேலே எத்தனை ஆயிரம் ரூபாய் ஜாக்கெட் இருந்தாலும் நடுக்கம் நிற்காது. மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் வாங்குங்கள். பல நாள் குளிக்காமல் இருக்கப் போகிறோம், மெரினோவில் நாற்றம் குறைவு, விலை அதிகம். பாலியெஸ்டர் சீக்கிரம் காயும், விலை குறைவு. தெர்மல் என்று எழுதியிருந்தாலே போதும் என்று எடுக்காதீர்கள், உள்ளே லேபிளைப் பாருங்கள், பருத்தி கலந்த தெர்மல் கடைகளில் ஏராளம். உள்ளாடைக்கும் இதே விதிதான், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அதற்கு மேல் சூட்டுக்கு ஒரு மெல்லிய ஃப்ளீஸ் (மென்மையான செயற்கை இழைச் சட்டை), காற்றையும் மழையையும் தடுக்க ஒரு ஷெல், அதாவது வெளி ஜாக்கெட். ஷெல்லில் பிராண்டைவிட நான் பார்ப்பது இரண்டு விஷயம். அக்குளுக்குக் கீழே திறந்து காற்று விட ஜிப் இருக்கிறதா, அதோடு சேர்ந்த தொப்பி ஹெல்மெட்டுக்கு மேலே வருகிறதா. ஏறும்போது அந்த ஜிப் எப்போதும் திறந்தே இருக்கட்டும். கூடாரத்திலிருந்து கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், கதகதப்பாக இருக்கிறது என்றால் அரை மணி நேரத்தில் உள்ளே நனைந்துவிடுவீர்கள்.

அப்புறம் டவுன் ஜாக்கெட், அதாவது வாத்தின் மென்மையான இறகு அடைத்தது. 1922-இல் எவரெஸ்டுக்குப் போன ஜார்ஜ் ஃபின்ச், பலூன் துணிக்குள் ஈடர் வாத்தின் இறகை அடைத்து ஒரு கோட்டு தைத்துக்கொண்டு போனார். மற்றவர்கள் கம்பளியிலும் ட்வீடிலும் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. இன்றும் எடைக்கு எடை அதை மிஞ்சிய பொருள் இல்லை. கடையில் 600, 800 என்று போட்டிருக்கும் எண் இறகின் தரத்தைச் சொல்கிறதே தவிர, உள்ளே எவ்வளவு அடைத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லாது. 800 எண் போட்ட மெல்லிய ஜாக்கெட்டைவிட 600 எண் போட்டுப் புசுபுசுவென்று நிறைய அடைத்த ஜாக்கெட் அதிகச் சூடு தரும். முக்கியமான சங்கதி, டவுன் நனைந்தால் கட்டிகட்டியாகச் சுருங்கிப் பயனற்றுப் போகும். அதனால் அதைப் போட்டுக்கொண்டு ஏறக்கூடாது. நிற்கும்போது எல்லாவற்றுக்கும் மேலே போட வேண்டியது அது. ஒரு அளவு பெரிதாக எடுத்தால்தான் ஷெல்லுக்கு மேல் ஏறும்.

சரி, பணம் எங்கே போக வேண்டும் என்று கேட்டால், காலுக்கு. வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் காலில் பிடிக்காதீர்கள். குளிரில் உடம்பு நெஞ்சையும் மூளையையும் காப்பாற்ற விரல்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிதான், ஆக்ஸிஜன் ஏற்கெனவே குறைவு. இந்த நிலையில் பூட் இறுக்கமாக இருந்தால் வருகிற கொஞ்ச ரத்தமும் நின்றுவிடும். குளிருமே என்று இரண்டு தடிமனான சாக்ஸைத் திணித்துப் போடுகிறவர்களின் கால்தான் முதலில் மரத்துப் போகிறது. ஒரு நல்ல கம்பளி சாக்ஸ், வேண்டுமானால் அதற்குள் மெல்லிய லைனர் ஒன்று, விரலை அசைக்க உள்ளே இடம். அவ்வளவுதான்.

ஆறாயிரம் மீட்டருக்கு டபுள் பூட், அதாவது உள்ளே தனியாகக் கழற்றக்கூடிய இன்னர் உள்ள பூட், என் கணக்கில் கட்டாயம். சிங்கிள் பூட்டோடு ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள்தான், வானிலை கைகொடுத்த நாளில் ஏறியவர்கள் அவர்கள். டபுள் பூட்டின் அருமை சூட்டில் மட்டும் இல்லை, இன்னரைக் கழற்றி ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்து உலர்த்தலாம். எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட நாளான 1953 மே 29 காலையில் ஹிலாரி எழுந்தபோது அவருடைய பூட் கல்லாக உறைந்திருந்தது, அடுப்பில் காட்டி இளக்கவே இரண்டு மணி நேரம் போனது. முந்தைய நாள் வியர்வையின் ஈரம் இரவில் பனிக்கட்டியாகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

டபுள் பூட் விலை கேட்டால் தலை சுற்றும். ஒரே ஒரு மலைக்காக வாங்க வேண்டியதில்லை, லேயில் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் நீங்கள் மலையில் போடப்போகும் அதே சாக்ஸோடு கடைக்குப் போங்கள். மாலையில் போங்கள், கால் அப்போது லேசாக வீங்கியிருக்கும். லேஸை இறுக்கிக்கட்டி, முன்பாதத்தால் சுவரை எத்திப் பாருங்கள், விரல் முட்டினால் இறங்கும்போது நகம் போய்விடும். படியில் ஏறிப் பாருங்கள், குதிகால் தூக்கினால் கொப்புளம் நிச்சயம். பிறகு நீங்கள் எடுக்கும் க்ராம்பானை (பனியில் வழுக்காமல் இருக்க பூட்டின் அடியில் மாட்டும் முள் சட்டம்) அதே பூட்டில் அங்கேயே மாட்டிப் பாருங்கள். முன்னும் பின்னும் விளிம்பு உள்ள பூட்டுக்கு ஒரு வகை க்ராம்பான், பின்னால் மட்டும் விளிம்பு உள்ளதற்கு வேறு, பட்டை போட்டுக் கட்டுவது எதற்கும் பொருந்தும். மாட்டி, பூட்டைத் தூக்கி உலுக்கினால் க்ராம்பான் அசையக்கூடாது. கடைக்காரர் அவசரப்படுத்தினால் வேறு கடைக்குப் போங்கள்.

கைக்கு மூன்று அடுக்கு: மெல்லிய லைனர், வேலை செய்யத் தோதான கையுறை, விரல்கள் ஒன்றாக இருக்கும் தடித்த மிட்டன். லைனரில் இரண்டு ஜோடி எடுங்கள், நனைந்தால் மாற்ற வேண்டும். மிட்டனுக்கு மணிக்கட்டுக் கயிறு கட்டாயம் வேண்டும். 1950-இல் அன்னபூர்ணா உச்சியிலிருந்து இறங்கும்போது மொரிஸ் எர்சாக்கின் கையுறைகள் நழுவிச் சரிவில் உருண்டு போயின. பையில் மாற்று சாக்ஸ் இருந்தது, அதைக் கையில் மாட்டலாம் என்று அந்த உயரத்தில் அவருக்குத் தோன்றவே இல்லை. விரல்களை இழந்தார். மூளை மந்தமாகும் இடத்தில் யோசித்து முடிவெடுக்க எதையும் மிச்சம் வைக்கக்கூடாது, கீழேயே கயிறு கட்டிவிட வேண்டும்.

கண்ணாடி விஷயத்திலும் அலட்சியம் வேண்டாம். புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். கேட்டகரி 4, அதாவது மிக அடர்ந்த தரத்துக் கறுப்புக் கண்ணாடி, பக்கவாட்டில் மறைப்போடு, வாங்குங்கள். பனிக்குருடு உடனே தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் கண்ணில் மணல் விழுந்தது போல ஆரம்பிக்கும், அதற்குள் காரியம் கெட்டிருக்கும். பவர் கண்ணாடி போடுகிறவர்கள் அதற்கேற்ற கேட்டகரி 4-ஐ முன்கூட்டியே செய்துகொள்வது நல்லது.

ஹெல்மெட், ஹார்னெஸ் (கயிற்றோடு இணைய இடுப்பிலும் தொடையிலும் கட்டும் பட்டை), ஐஸ் ஆக்ஸ் (பனிக்கோடரி) மூன்றையும் ஏற்பாட்டாளர்களே தருவார்கள் பெரும்பாலும். ஹார்னெஸை எல்லா உடைக்கும் மேலே போட்டுப் பாருங்கள், தொடைப் பட்டை கழற்றி மாட்டும்படி இருந்தால் க்ராம்பானோடு காலை நுழைக்கும் அவஸ்தை இல்லை.

ஸ்லீப்பிங் பேக்கில் மூன்று வெப்ப எண்கள் இருக்கும். கம்ஃபர்ட் என்பதை மட்டும் பாருங்கள். எக்ஸ்ட்ரீம் என்று பெரிதாகப் போட்டிருக்கும் எண், உயிர் பிழைக்கலாம் என்று சொல்கிறதே தவிர தூங்கலாம் என்று சொல்லவில்லை. கம்ஃபர்ட் மைனஸ் பத்து இருந்தால் காங் யாட்ஸேவுக்கு நிம்மதி. கீழே போடும் மேட் மோசமாக இருந்தால் எந்த பேக்கும் உதவாது, உங்கள் எடையில் அடியில் இருக்கும் இறகு நசுங்கிவிடும், தரைக் குளிர் நேரே முதுகுக்கு வரும்.

தண்ணீருக்குக் குழாய் வைத்த பை வேண்டாம், இரவில் குழாய் உறைந்துவிடும். அகன்ற வாய் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள், பனிக்கட்டி மேற்பரப்பில்தான் முதலில் பிடிக்கும், மூடிப் பக்கம் திறந்தே இருக்கும். ஹெட்லாம்ப்பில் லித்தியம் பேட்டரி போடுங்கள், சாதாரண அல்கலைன் குளிரில் சீக்கிரம் படுத்துவிடும். மாற்று பேட்டரியும் போனும் நெஞ்சோடு ஒட்டிய உள்பையில்.

சொந்தமாக வாங்க வேண்டியவை என்று நான் சொல்வது பேஸ் லேயர், சாக்ஸ், லைனர் கையுறை, கண்ணாடி, ஹெட்லாம்ப். மிட்டனும் முடிந்தால் சொந்தமாக இருக்கட்டும். டவுன் ஜாக்கெட், ஸ்லீப்பிங் பேக், பூட், க்ராம்பான் எல்லாம் வாடகைக்குப் போதும். வாடகை டவுனைக் கையில் பிசைந்து பாருங்கள், கட்டி தட்டுப்பட்டாலோ, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் காலியான இடம் தெரிந்தாலோ வேறு கேளுங்கள். எப்படியும் லேயில் இறங்கியதும் உடம்பு பழக இரண்டு மூன்று நாள் இருந்தாக வேண்டும். முதல் நாள் முழு ஓய்வு. இரண்டாம் நாள் மாலை, சாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டு மெதுவாக நடந்து கடைக்குப் போங்கள்.