பெரியப்பாவின் வெளிநடப்பு

பெரியப்பா புதன்கிழமை ராத்திரியே குடும்ப வாட்ஸ்அப் குழுவை விட்டு வெளிநடப்பு செய்துவிட்டார். எங்களுக்குத் தெரிந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சிங்கப்பூர் ஈசூனில் அத்தை வைத்த மட்டன் பெரட்டல் பாதி காலியான பிறகு.

எல்லாம் தைப்பூசத்தால் வந்தது. வழக்கம்போல 'அன்புடையீர்' என்று ஆரம்பித்து, பெருமாள் கோயிலில் எத்தனை மணிக்குக் கூடுவது, பால்குடம் யார் யார், கைப்பிள்ளைக்காரர்கள் நடக்க வேண்டாம், ஃபேரர் பார்க்கில் ரயிலேறி டோபி காட்டில் இறங்கி டேங்க் ரோடு முருகன் கோயிலுக்கு வந்துவிடலாம் என்பது வரை கல்யாணப் பத்திரிகை நீளத்துக்கு எழுதியிருந்தார். ஒரு எழுத்துப்பிழை இருக்காது, மனுஷன் அப்படி. அதற்கு மாப்பிள்ளையிடமிருந்து ஒரு கட்டைவிரல். அத்தை மகனிடமிருந்து 'கே'. 'ஓகே'கூட இல்லை. பாதியை மிச்சம் பிடித்து பிடிஓ அரசாங்க வீட்டுக்கு முன்பணம் கட்டப்போகிறான் போல.

ராத்திரி 1 மணிக்குத் தஞ்சாவூர் சித்தப்பா ரோஜாப்பூவோடு 'இனிய இரவு' அனுப்பினார். அங்கே 10.30தானே, அவருக்கென்ன! அந்தச் சத்தத்தில் எழுந்த பெரியப்பா தன் செய்தியை அழுத்திப் பிடித்து யாரெல்லாம் படித்தார்கள் என்று பார்த்திருக்கிறார். எல்லாரும் படித்திருந்தார்கள். கிளம்பிவிட்டார்.

முன்பெல்லாம் ஒருவர் வெளியேறினால் குழுவின் நட்டநடுவில் அது தொங்கும், சமாதானம் பேச அத்தைமார் போனை எடுத்துவிடுவார்கள். 2022லிருந்து அட்மினுக்கு மட்டும்தான் சொல்கிறார்கள். எங்கள் அட்மின் என் தம்பி. அவன் அந்த வாரம் ரிசர்விஸ்ட் ராணுவப் பயிற்சிக்குப் போய்க் காட்டில் கிடந்தான். பெரியப்பா வியாழன், வெள்ளி முழுக்கப் போனையும் மடியில் வைத்துக்கொண்டு முகத்தையும் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது யாருக்குத் தெரியும்? பக்கத்தில் இருந்த பெரியம்மாவுக்கே தெரியாது, அவர் கொவிட் காலத்திலேயே குழுவை மியூட் செய்துவிட்டார்.

"ஏண்ணே, நேத்து நான் போட்ட கேக் படத்துக்கு நீங்க ஒண்ணுமே சொல்லலியே?" என்று அத்தை கேட்டதில்தான் விஷயம் உடைந்தது.

"நான்தான் குழுவுலயே இல்லையே."

"அப்படியா? எப்பலேர்ந்து?"

பெரியப்பா சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். பெரட்டலை மட்டும் கிட்டே நகர்த்திக்கொண்டார்.

தம்பி உடனே அவரைத் திரும்பச் சேர்த்தான். வெளியே போனதை மறைக்கிற வாட்ஸ்அப், உள்ளே வந்ததை மட்டும் ஊருக்கே தண்டோரா போடுகிறது. பினாங்கு சின்னம்மா, "யாருங்க இது, புது மருமகனா?" என்று கேட்டுவைத்தார். சித்தப்பாவிடமிருந்து இன்னொரு ரோஜாப்பூ.

அத்தை மகன் ரொம்ப நேரம் எதையோ தட்டிக்கொண்டிருந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தமிழில் அனுப்பினான்: "மாமா, மண்ணிச்சுடுங்க. தைப்பூசத்தன்னிக்கு கோயில் வாசல்ல உங்களுக்கு முன்னாடி நான் நிப்பேன். உங்க முட்டிவலிக்கு ஸ்பிரே நான் கொண்டு வரேன்."

பெரியப்பா படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். அப்புறம் ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் பதில் போட்டார்: "ரெண்டு சுழி ன போடுடா. பச்சை டப்பா ஸ்பிரே வாங்கு."