கல்லாய், மனிதராய்

தம்பி மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். ஒரு பக்கம் மாணிக்கவாசகர், மறுபக்கம் தாடியோடு டார்வின். நடுவில் சிவப்பு எழுத்தில் ‘ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே!’ கீழே சிவபுராணத்து வரிகள். டார்வினுக்கு முன்பே மாணிக்கவாசகர் பரிணாமத்தைப் பாடிவிட்டார் என்பது சேதி. “அத்தை, நீங்க ஜுவாலஜி டீச்சராச்சே, இது சரியா?” என்று ஒரு கேள்வி வேறு.

இதே படம் எனக்கு இதற்கு முன் நாலு பேரிடமிருந்து வந்திருக்கிறது. நாலு முறையும் கும்பிடு பொம்மை ஒன்றை அனுப்பித் தப்பித்தேன். இந்த முறை பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அது இவ்வளவு நீளமாகப் போய்விட்டது.

அம்மா இருந்தவரை எங்கள் வீட்டில் சிவபுராணம் சொல்லாமல் காபி கிடையாது. இன்றைக்கும் குளித்துவிட்டு வந்தால் வாய் தானாக ‘நமச்சிவாய வாழ்க’ என்றுதான் ஆரம்பிக்கும். அதனால் இதைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த வரிகளை மட்டும் நிதானமாகப் படித்துப் பாருங்கள். ‘புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி’. புழுவுக்குப் பிறகு மரம். ‘பறவையாய்ப் பாம்பாகிக் கல்லாய் மனிதராய்’. பறவைக்குப் பிறகு பாம்பு, பாம்புக்குப் பிறகு கல், கல்லுக்குப் பிறகு மனிதன். அதோடும் நிற்கவில்லை, அடுத்து பேய், கணங்கள், அசுரர். இதைப் பரிணாமம் என்று ஒரு மாணவன் விடைத்தாளில் எழுதியிருந்தால் நான் சுழித்திருப்பேன்.

அவர் சொல்லவந்தது அது இல்லையே. ‘எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன்’ என்பதில் எனக்கு ‘இளைத்தேன்’தான் முக்கியம். ஓர் உயிர் உடம்பு மாற்றி மாற்றி ஓய்ந்துபோய் அழுகிற அழுகை அது. டார்வின் சொன்னதில் ஓய்ந்துபோக யாரும் கிடையாது. தலைமுறைகள்தான் மாறுகின்றன, எந்த ஓர் உயிரும் வேறொன்றாக மாறுவதில்லை. இரண்டையும் முடிச்சுப் போட்டால் இரண்டுக்குமே அவமரியாதை.

இதை எழுதி அனுப்பியதும் பையன் போன் பண்ணிவிட்டான். பெங்களூரில் ஐ.டி. வேலை, முப்பது வயதிலேயே இடுப்புவலி. “பரிணாமம் ரொம்ப மோசமான புரோகிராமர் அத்தை. நாலு காலுக்குப் போட்ட முதுகெலும்பை ரெண்டு கால்ல நிக்கவிட்டா இப்படித்தான். இப்போதான் மரபணுவை வெட்டித் திருத்தற கிரிஸ்பர் இருக்கே, மொத்தத்தையும் திருத்தி எழுதிடணும்.”

அவன் சொல்வதில் பாதி நியாயம்தான். வகுப்பில் நானே செய்துகாட்டுவேன். ஒரு தாளில் இடப்பக்கம் கூட்டல் குறி, வலப்பக்கம் ஒரு கரும்புள்ளி. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு கூட்டல் குறியையே பார்த்தபடி தாளை மெல்ல முகத்துக்கு அருகில் கொண்டுவந்தால், ஓர் இடத்தில் புள்ளி காணாமல் போகும். பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். நம் விழித்திரையில் நரம்புகள் முன்பக்கம் ஓடி, ஓர் ஓட்டை வழியாகப் பின்னால் போகின்றன. அந்த ஓட்டையில் பார்வை இல்லை. ஆக்டோபசுக்கு நரம்பு பின்பக்கமே இருப்பதால் இந்தத் தொல்லை கிடையாது. அம்மாவிடம் ஒருநாள் இதைச் செய்துகாட்டினேன். இரண்டு முறை பார்த்துவிட்டு, “அப்போ சாமி தப்பு பண்ணிட்டாருங்கறியா?” என்றாள். சாமி செய்யவில்லை, அப்படியே அமைந்துபோனது என்றேன். “கோணலா இருந்தா நேராக்கிக்கோ. சட்டை கிழிஞ்சா தைச்சுப் போட்டுக்கறதில்லையா?” என்று எழுந்து போய்விட்டாள். உடம்பு அவளுக்குச் சட்டைதான். ‘கடவுள் வேலையில் கை வைக்கலாமா’ என்ற பேச்சு அவளிடம் வந்ததே இல்லை.

அந்தக் கவலையை நான் கேட்டது ஒரு கிறிஸ்தவ ஆசிரியரிடம். மனுஷன் தேவசாயல், அதைத் திருத்த நமக்கு என்ன உரிமை என்பார். அதே சமயம் நோயாளியைக் குணமாக்குவதை அவர் எதிர்த்ததில்லை. வத்திக்கானும் 2008-ல் கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னது: ஒருவரின் உடம்போடு நிற்கிற மரபணு சிகிச்சை கொள்கையளவில் சரி, சந்ததிக்குப் போகிற மாற்றம் இப்போதைய நிலையில் கூடாது. கோடு போட்ட இடம் எனக்கும் சம்மதம்தான். ஆனால் அங்கே என்னை நிறுத்துவது சாமி பயம் இல்லை, நான் நடத்திய பாடம்.

நான் பல வருடம் நீலகிரி மலையில் கூடலூரில் வேலை பார்த்தேன். பிளஸ் டூ பாடத்தில் அரிவாள் செல் நோய் வரும். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடம், குளூட்டமிக் அமிலத்துக்குப் பதில் வாலின். டி.என்.ஏ.வில் ஒரே ஓர் எழுத்துப் பிசகு. சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து நுண்குழாய்களை அடைக்கும். போர்டில் படம் போட்டு, ‘ஆப்பிரிக்காவில் அதிகம்’ என்று எழுதிப்போடுவேன்.

ஒரு ஜூலை மாதம், மழை விட்ட குளிரில் விளையாட்டு விழா ஒத்திகை. பணியர் என்ற பழங்குடி வீட்டுப் பையன் ஒருவன் ஓட மாட்டேன் என்று நின்றான். சோம்பேறி என்று நினைத்து, நான்தான் அதட்டி ஓடவிட்டேன். அரைச் சுற்று ஓடியிருப்பான். முழங்காலைக் கட்டிக்கொண்டு ஈரத் தரையில் உட்கார்ந்தவன், பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை. மறுநாள் அவன் அம்மா ஆஸ்பத்திரிச் சீட்டோடு வந்தார். ‘சிக்கிள் செல்’ என்று போட்டிருந்தது, நான் நடத்திய அதே அரிவாள் செல் நோய். குளிரும் களைப்பும் சேர்ந்தால் வலி கிளம்பிவிடும் என்று, ஆசிரியையான எனக்கு அவர் சொல்லிக்கொடுத்தார். இந்தியாவில் இந்த நோயைப் பற்றிய ஆரம்பகாலப் பதிவே 1952-ல் நீலகிரிப் பழங்குடி மக்களிடமிருந்து வந்ததுதான். அந்த மலையில் நின்றுகொண்டு நான் ஆப்பிரிக்கா என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்புறம்தான் ஒழுங்காகப் படித்தேன். இரண்டு பெற்றோரிடமிருந்தும் அந்த எழுத்து வந்தால் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் மலேரியா முற்றி ஆளைச் சாய்ப்பது வெகுவாகக் குறைகிறது. 1954-ல் ஆண்டனி ஆலிசன் என்ற விஞ்ஞானி இதைக் காட்டினார். மலேரியாக் காட்டில் அந்தப் பிசகு ஒரு காவல். காட்டைவிட்டு நகரத்துக்குப் போனால் வெறும் பாரம். நல்ல மரபணுவா கெட்ட மரபணுவா என்பதை மரபணுவை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது, ஊரையும் கொசுவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மலேரியாவுக்கும் ரத்தக் கோளாறுக்கும் இப்படி உறவு இருக்கலாம் என்று, தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகையை வைத்து 1949-லேயே ஊகித்தவர் பிரிட்டிஷ் உயிரியலாளர் ஹால்டேன். பின்னாளில் இந்தியாவுக்கே வந்து 1964-ல் புவனேஸ்வரத்தில் காலமானவர். வேடிக்கை என்னவென்றால், 1923-ல் குழந்தைகளைக் கருப்பைக்கு வெளியே வளர்த்து மனித குலத்தையே மேம்படுத்தலாம் என்று பேசியவரும் அவரேதான்!

2018 நவம்பரில் வெளியே தெரிந்த, சீன விஞ்ஞானி ஹே ஜியான்குய் செய்ததும் இந்தப் பாடத்துக்குள்தான் வருகிறது. எச்.ஐ.வி. வராமல் இருக்க சி.சி.ஆர்.5 என்ற மரபணுவைக் கருவிலேயே வெட்டி, இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. அப்பாவுக்குத்தான் எச்.ஐ.வி., அம்மாவுக்கு இல்லை. குழந்தைக்குத் தொற்றாமல் பார்த்துக்கொள்ள ஏற்கெனவே எளிய வழி இருந்தது. அந்த மரபணு இல்லாதவர்களுக்கு, கொசு பரப்புகிற வெஸ்ட் நைல் காய்ச்சல் வந்தால் முற்றும் அபாயம் அதிகம் என்பதும் முன்பே தெரிந்த விஷயம். அவருக்கு மூன்றாண்டு சிறை. அந்தப் பெண்கள் எந்த ஊரில் எந்தக் கொசுக்கடியில் வாழப்போகிறார்கள் என்பதை எந்த நீதிமன்றம் தீர்மானிக்கும்?

போனில் இதையெல்லாம் சொல்லிவிட்டுத் தம்பி மகனிடம் கேட்டேன்: “உங்க ஆபீஸ்ல இருபது வருஷப் பழைய கோடு இருக்கும்ல, எழுதினவன் வேலையை விட்டே போயிருப்பான். அதை என்ன பண்ணுவீங்க?”

“தொடவே மாட்டோம் அத்தை. ஓடிக்கிட்டிருந்தா...” என்று ஆரம்பித்தவன் சிரித்துவிட்டான்.

அவனைச் சிரிக்க வைத்தது சுலபம். கூடலூர்ப் பையனிடம் அது நடக்காது. அவனுக்கு இப்போது வேலை இருக்கிறது, சமீபத்தில் கல்யாணமும் ஆயிற்று. 2023 கடைசியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அரிவாள் செல் நோய்க்கான கிரிஸ்பர் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்த செய்தியைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டான். எலும்பு மஜ்ஜைச் செல்களை எடுத்து, கருவில் இருந்தபோது ஓடிய ஹீமோகுளோபினை மறுபடி ஓடவிடுகிற வித்தை. அதற்கு முன் கீமோ மருந்து கொடுத்து பழைய மஜ்ஜையை அழிக்க வேண்டும். அமெரிக்காவில் அப்போது விலை 22 லட்சம் டாலர். “இது சரிதானே டீச்சர்?” என்றான். நூற்றுக்கு நூறு சரி என்றேன். விலையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “எனக்கு வேண்டாம், பிறக்கப்போற பிள்ளைக்கு முன்னாடியே மாத்திட முடியுமா?” என்றான்.

அவனிடம் போய் ஹால்டேனையும் வெஸ்ட் நைலையும் பேச எனக்கு வாய் வரவில்லை. வலியில் அவன் உட்கார்ந்திருந்த அந்த ஈரத் தரைதான் நினைவுக்கு வந்தது. “முதல்ல உன் வீட்டுக்காரிக்கு ரத்தம் பார்த்துட்டியா?” என்று மட்டும் கேட்டேன்.

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டான். “அவளுக்கு இல்லை டீச்சர்.”

நான் பேனாவை எடுத்து, டெலிபோன் பில்லின் பின்னால், அப்பா அம்மா மரபணுக்கள் பிள்ளைக்கு எப்படிச் சேரும் என்று பார்க்கிற பழைய நாலு கட்டத்தைப் போட்டேன். நாலிலும் ஒரே விடை. “எந்தப் பிள்ளைக்கும் உன் நோய் வராதுடா. எல்லாப் பிள்ளைக்கும் உன்கிட்டேயிருந்து ஒண்ணு மட்டும் போகும்.”

“அப்போ மலேரியா வராதுன்னு பாடத்துல சொன்னீங்களே.”

“வரும். ஆளைச் சாய்க்கறதுதான் குறையும். கொசுவலை வாங்கு.”