பயிற்சிக்கு ஒரு வினா, மதிப்பெண்ணுக்கு வேறொரு வினா

இணையவழிப் பாடநெறிகளை உருவாக்குபவர்கள் பலர் காணொலிகளுக்குக் கொடுக்கும் உழைப்பில் சிறு பங்கைக்கூட வினாக்களுக்குக் கொடுப்பதில்லை. பாடம் முழுவதும் தயாரான பிறகு அவசரமாக எழுதப்படும் சில கொள்குறி வினாக்களே பயிற்சியாகவும் தேர்வாகவும் பயன்படுத்தப்படுகின்றன. விளைவாக, மதிப்பெண் குறையுமோ என்று அஞ்சும் மாணவர் தயங்காமல் முயன்று பார்ப்பதும் இல்லை. அவர் பெறும் மதிப்பெண் அவருடைய திறனை நம்பும்படி காட்டுவதும் இல்லை.

பயிற்சி வினாக்கள் கற்றலை அளப்பதோடு நில்லாமல் கற்றலையே உண்டாக்குகின்றன என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக்கி ஆகிய இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் உரைப்பகுதியை மீண்டும் படித்த மாணவர்கள் 5 நிமிடங்களுக்குப் பின் நடந்த தேர்வில் முந்தினர். ஆனால் ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில், படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினர். காணொலி முடிந்த மறுநொடியே அதைப் பற்றிக் கேட்கும் வினாக்களோடு நிறுத்திவிடாமல், முந்தைய வாரங்களின் பாடங்களிலிருந்தும் வினாக்களைக் கலந்து வைக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

பயிற்சி வினாவின் உயிர் அதன் பின்னூட்டத்தில் இருக்கிறது. ஒரு பொருளின் விலை 20 விழுக்காடு உயர்ந்து, பின்னர் 20 விழுக்காடு குறைந்தால் இறுதி விலை என்னவாகும் என்று கேட்கிறோம் என்று கொள்வோம். ‘மாற்றமில்லை’ என்பதைத் தேர்ந்தெடுப்பவருக்கு ‘தவறு, மீண்டும் முயல்க’ என்ற வரியால் எந்தப் பயனும் இல்லை. ‘இரண்டாவது 20 விழுக்காட்டை எந்தத் தொகையின் மீது கணக்கிட்டீர்கள்?’ என்று திருப்பிக் கேட்டால், 100 என்பது 120 ஆகி, பின் 96 ஆவதை அவரே கண்டுகொள்வார். ஒவ்வொரு தவறான விடையும் மாணவர்கள் உண்மையிலேயே கொண்டிருக்கும் ஒரு தவறான புரிதலிலிருந்து பிறக்க வேண்டும். அப்படிப்பட்ட விடைகளை நான்கு, ஐந்து என்று எழுதுவது கடினம். அதற்குத் தேவையும் இல்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து, கல்வி அளவீட்டு ஆய்வாளர் ராட்ரிகஸ் 2005இல் எழுதிய கட்டுரை, பெரும்பாலான வினாக்களுக்குச் சரியான விடையையும் சேர்த்து மூன்று விடைகளே போதும் என்கிறது. யாரும் தொடாத நான்காவது விடை, படிக்கும் நேரத்தைத்தான் வீணாக்குகிறது.

மதிப்பெண் தேர்வுக்கு வரும்போது, அதே கணக்கை எண்களை மட்டும் மாற்றிக் கொடுப்பது எளிது. பெரும்பாலும் அதுவே நடக்கிறது. அதற்குப் பதிலாக, 20 விழுக்காடு குறைந்த ஒரு தொகை பழைய அளவை எட்ட எத்தனை விழுக்காடு உயர வேண்டும் என்று கேட்டால், கருத்தைப் பிடித்தவர் 25 என்பார். வழிமுறையை மட்டும் மனப்பாடம் செய்தவர் 20 என்று நிறுத்திவிடுவார். பயிற்சியில் சந்தித்த அதே கருத்தைப் புதிய சூழலில் கேட்பது நியாயம். பயிற்சியில் ஒருமுறைகூட இடம்பெறாத திறனை மதிப்பெண்ணுக்காகத் திடீரென்று கேட்பது, எவ்வளவு நுட்பமான வினாவாக இருந்தாலும், நியாயமாகாது.

முயற்சிகளுக்கு வரம்பு வைப்பதிலும் இந்த வேறுபாடு தெரிய வேண்டும். பயிற்சியில் எத்தனை முறை வேண்டுமானாலும் முயலலாம் என்று விட்டுவிடுங்கள். மதிப்பெண் தேர்வில் இரண்டு, மூன்று வாய்ப்புகள் கொடுப்பதானால், ஒவ்வொரு முறையும் வினா வங்கியிலிருந்து வேறு வினாக்கள் வருமாறு மூடுல் (Moodle) போன்ற இணையவழிக் கற்றல் தளங்களிலேயே அமைக்க முடியும். திட்டப்பணிகள், கட்டுரைகள் போன்றவற்றில் முதல் வரைவுக்கு மதிப்பெண் இடாமல் கருத்துரை மட்டும் வழங்குவதே என் விருப்பம். எண்ணைப் பார்த்தவர்களில் பலர் அதன் கீழுள்ள வரிகளைப் படிப்பதே இல்லை.

பாடநெறி ஒரு சுற்று நடந்து முடிந்ததும் வினாவாரியான விடைத் தரவைத் திறந்து பாருங்கள். மற்ற வினாக்களில் சிறப்பாகச் செய்தவர்களே ஒரு குறிப்பிட்ட வினாவில் மற்றவர்களைவிட அதிகமாகத் தவறினால், முதலில் விடைக்குறிப்பைச் சரிபார்க்க வேண்டும். அது சரியாக இருந்தால், வினாவின் சொற்களில் இரு பொருள் படும் இடம் எது என்று தேட வேண்டும்.