பவளத் தொட்டியின் நீரும் அதன் வரவுசெலவும்

உயிருள்ள பவளங்களை உப்புநீரில் வளர்க்கும் பவளத் தொட்டியில் பாசி படர்ந்ததும் எந்த வடிகட்டியை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம், ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக எதை ஊற்றுகிறீர்கள் என்றுதான் நான் முதலில் விசாரிப்பேன். ஆவியாகும்போது நீர் மட்டுமே வெளியேறுகிறது. உப்பும் அதனுடன் கரைந்திருக்கும் மற்றவையும் தொட்டியிலேயே தங்கிவிடுகின்றன. எனவே குழாய் நீரை ஊற்றிவந்தால் அதிலுள்ள பாஸ்பேட், நைட்ரேட், சிலிக்கேட் ஆகியவற்றோடு, செப்புக் குழாய் உள்ள வீடுகளில் செம்பும் மெல்ல மெல்லச் சேர்ந்துகொண்டே போகும். செம்பு மிகச் சிறிய அளவிலும் முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு நஞ்சு. குடிநீருக்கான ஆர்.ஓ. கருவி இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் பொதுவாக, எஞ்சிய அயனிகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் இருப்பதில்லை, சிலவற்றில் சுவைக்காகக் கனிமங்களைத் திரும்பக் கலக்கும் பகுதியும் உண்டு. கரைந்துள்ள பொருள்களை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 0 காட்டும் நீரையே ஈடுசெய்யவும் உப்பு கலக்கவும் பயன்படுத்த வேண்டும்.

அடுத்தது நீர் மாற்றம். பாசிக்கு உரமாகும் நைட்ரேட் 40 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 40 பங்கு) உள்ள தொட்டியில் வாரத்துக்கு 10 சதவீத நீரை மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். மாற்றியவுடன் அளவு 36 ஆகும். அந்த வாரத்து உணவிலிருந்தும் கழிவிலிருந்தும் மேலும் 4 சேர்ந்தால் மறுபடியும் 40-க்கே வந்து நிற்கும். எத்தனை மாதம் உழைத்தாலும் இதே கதைதான். வார வரவை 2 ஆகக் குறைத்தால், அதே 10 சதவீத மாற்றத்திலேயே அளவு படிப்படியாக 20-ஐ நோக்கி இறங்கிவிடும். ஆகவே வாளியைவிட உணவளிக்கும் கைக்கே இங்கு அதிகப் பொறுப்பு இருக்கிறது. நீருக்குள் நுண்குமிழிகளைச் செலுத்தி அழுக்கை நுரையாகத் திரட்டும் புரோட்டீன் ஸ்கிம்மரை நான் உயர்வாக மதிப்பதற்கும் இதுவே காரணம்: கரிமப் பொருள்கள் அழுகி அம்மோனியாவாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாறுவதற்கு முன்பே, அவற்றில் ஒரு பகுதியை நுரையோடு அது வெளியேற்றிவிடுகிறது. தொட்டியில் வைக்கும், பாக்டீரியாக்கள் குடியேறிய நுண்துளைப் பாறையான லைவ் ராக்கின் உட்புறத்தில் ஆக்சிஜன் குறைந்த இடங்களில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றுகின்றன. சம்ப்பில் (தொட்டியோடு இணைந்த துணைத் தொட்டியில்) வளர்க்கும் கீட்டோமார்ஃபா பாசியும் நைட்ரேட்டை உறிஞ்சும். ஆனால் அவ்வப்போது அறுத்து வெளியே எடுத்தால்தான் உறிஞ்சியது தொட்டியை விட்டு நீங்கும்.

இப்படிக் குறைத்துக்கொண்டே போய் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சுழியத்துக்குக் கொண்டுவருவதை வெற்றியாகக் கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பவளத் திசுக்களுக்குள் வாழ்ந்து அவற்றுக்கு உணவூட்டும் நுண்பாசிகளுக்கு இவ்விரண்டும் தேவை. முற்றிலும் வற்றிப்போன நீரில் பவளங்கள் வெளிறும். மணலின் மேல் காற்றுக்குமிழிகளோடு பழுப்புநிறக் கொழகொழப்பாகப் படரும் டைனோஃபிளாஜெல்லேட்டுகள் என்ற நுண்ணுயிர்களும் அங்கேதான் பெரும்பாலும் தலைகாட்டுகின்றன, அவற்றை விரட்டுவது பச்சைப் பாசியை விரட்டுவதைவிடப் பெரும்பாடு. நைட்ரேட் 2 முதல் 10 பி.பி.எம். வரையிலும் பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம். வரையிலும் இருந்தால் நான் எதையும் தொடுவதில்லை.

ஒரே ஒரு சோதனைதான் செய்ய முடியும் என்றால் ஆல்கலினிட்டியை, அதாவது பவளங்கள் எலும்புக்கூடு கட்டப் பயன்படும் கார்பனேட்டுகளின் அளவை, சோதிப்பேன். அதை அளக்கும் அலகு டி.கே.எச். பவளங்கள் எலும்புக்கூடு கட்டும்போது 2.8 டி.கே.எச். ஆல்கலினிட்டி குறைந்தால் கால்சியம் 20 பி.பி.எம். அளவுக்கே குறையும். கால்சியம் 420-இல் 20 குறைவது கண்ணிலேயே படாது, ஆல்கலினிட்டி 8-இல் 2.8 குறைவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஆல்கலினிட்டி பொதுவாக 7 முதல் 11 வரை ஏற்கத்தக்கது என்றாலும், எந்த எண்ணைத் தேர்ந்தாலும் அதிலேயே நிலைநிறுத்துவதுதான் முக்கியம். குறைந்துவிட்டதென்று ஒரே வேளையில் மருந்தைக் கொட்டி ஏற்றுவது, குறைவைவிட அதிகக் கேடு செய்யும். ஒரு நாளில் 1 டி.கே.எச். ஏற்றத்துக்கு மேல் நான் போவதில்லை.

உப்பளவு ஆயிரத்துக்கு 35 பங்கு. உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை அதே 35 பங்குக் கரைசலில் சரிபார்த்துக்கொள்வது நல்லது. வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸை ஒட்டி ஏற்ற இறக்கமின்றி இருந்தால் போதும்.

பி.எச். (நீரின் அமில-காரத் தன்மையின் அளவு) மட்டும் குறைவாக 7.8 அளவில் தேங்கி, ஆல்கலினிட்டி சரியாக இருந்தால், பொடி எதையும் கலக்கும் முன் அறையின் ஜன்னலைச் சில மணி நேரம் திறந்துவைத்து மறுபடி அளந்து பாருங்கள். மூடிய அறையில் நம் மூச்சிலிருந்து தேங்கும் கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைந்து பி.எச்.-ஐக் கீழே இழுக்கும். ஜன்னல் திறந்ததும் அளவு ஏறினால், ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை வீட்டுக்கு வெளியே நீட்டிவிடுவதே நிலையான தீர்வாக அமையும்.