இடைப்பட்ட இரண்டரை மணி நேரம்

ஜூலை 8
சீனியர் வக்கீல் கேஸ் கட்டைக் கொடுத்து, "தீர்ப்பை அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல சாட்சியத்தைப் படி" என்றார். கணவரைக் கொன்றதாக ஆயுள் தண்டனை பெற்ற ஓர் அக்காவின் மேல்முறையீடு. கணவர் குடித்துவிட்டு அக்காவை அடித்தது மாலை ஏழு மணிக்கு. தூக்கத்திலேயே செத்தது ஒன்பதரைக்கு. "இடையில் மருமகள் சோறு வடித்தாள்" என்கிறார் மாமியார். கொலைக் குற்றத்தைக் குறைக்கக்கூடிய 'திடீர் ஆத்திரம்' என்ற வாதம் அந்த ஒரு வரியில் அடிபட்டுப்போனது.

ஜூலை 9
நானாவதி வழக்கை மறுபடி படித்தேன். 1959 ஏப்ரல் 27. கடற்படை அதிகாரி நானாவதி மதியம் ஒன்றரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி, கப்பலில் பொய்க்காரணம் சொல்லி ரிவால்வர் வாங்கி, 4.20-க்கு மனைவியின் காதலர் பிரேம் அஹுஜாவைச் சுட்டார். கைகலப்பில் துப்பாக்கி வெடித்தது என்றது நானாவதி தரப்பு. அப்படியென்றால் குளித்துவிட்டு வந்த அஹுஜா இடுப்பில் கட்டியிருந்த துண்டு அவிழாமல் இருக்குமா? கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் கோபம் ஆறப் போதும் என்று 1961-ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. அதே தீர்ப்பில் நமக்கு ஒரு வழியும் இருக்கிறது: இறந்தவர் முன்பு செய்தவை உண்டாக்கிய மனநிலையையும் கணக்கில் எடுக்கலாம்.

ஜூலை 11
அக்காவின் தங்கை ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு ஏ.ஆர். காப்பியை (மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல்) எடுத்துத் தந்தார். சம்பவத்துக்கு இரண்டு வருடம் முந்தையது. மடிப்பில் கிழிந்து, நீல மசி பரவி, இவ்வளவுதான் தெரிகிறது: 'தெரிந்த ஒரு நபர் கட்டையால் தாக்கியதாக'. இடது முன்கை எலும்பு முறிவு. விசாரணையில் இதை யாருமே சான்றாவணமாகக் குறியீடு செய்யவில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 391-ஆவது பிரிவில் கூடுதல் சாட்சியம் கேட்டு மனு தயாரிக்கிறேன்.

ஜூலை 14
1989 சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு. பிள்ளைகளோடு கிணற்றில் குதித்துத் தான் மட்டும் பிழைத்த பெண். நம் நல்லதங்காளின் பெயரைச் சொல்லி, தொடர்ந்து வரும் கொடுமையும் ஆத்திரமூட்டலே என்று ஏற்று, கொலைக் குற்றத்தைக் குறைத்தார்கள். படித்ததும் கண் கலங்கிவிட்டது.

ஜூலை 15
மனு போட்டுச் சிறையில் அக்காவைப் பார்த்தேன். அந்த இரண்டரை மணி நேரம் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.
"சோறு வடிச்சு புள்ளைக்கு ஊட்டினேன் தம்பி. அப்புறம் கதவோரமா உக்காந்திருந்தேன். எந்திரிச்சா கொன்னுடுவேன்னு சொல்லிட்டுத்தான் படுத்தாரு."
திரும்பி வந்து 313 கேள்வித்தாளைப் புரட்டினேன்; சாட்சியங்களைப் பற்றி, அதே சட்டத்தின் 313-ஆவது பிரிவில் நீதிபதி குற்றம் சாட்டப்பட்டவரிடம் கேட்பவை அவை. எல்லாக் கேள்விக்கும் அக்காவின் பதிலாக ஒரே சொல்தான் பதிவாகியிருக்கிறது: 'பொய்'.