கார்னர் மனையில் கீழே கடை, மேலே வீடு: ஆர்க்கிடெக்சர் ஸ்டுடியோ அனுபவம்

பி.ஆர்க் நான்காம் ஆண்டில் எனக்கு வந்த ஸ்டுடியோ புராஜெக்ட் இது: ஊர் நடுவே ஒரு முக்கு மனையில் கடைகளும் அடுக்குமாடி வீடுகளும் சேர்ந்த கட்டடம். நான் எடுத்துக்கொண்டது திருச்சியில், மலைக்கோட்டையிலிருந்து சற்றுத் தள்ளிய கடைவீதிப் பகுதி. இதே புராஜெக்ட்டைச் செய்யப்போகும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

மனையைத் தேர்ந்தெடுக்கும்போதே ஒன்றைப் பார்த்துவிடுங்கள். மலைக்கோட்டைக் குடைவரைகள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அப்படிப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கடுத்த 200 மீட்டருக்குள் அனுமதி பெற்றுத்தான் கட்ட முடியும். கல்லூரி புராஜெக்ட்தானே என்று விட்டால் ஜூரியில் (புராஜெக்ட்டை மதிப்பிடும் குழுவின் முன்னால்) முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும். மதுரை, தஞ்சாவூர் மாதிரி கோயில் ஊர்களில் செய்பவர்களும் தங்கள் மனைக்குப் பக்கத்தில் எது பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

என் மனை ஏறக்குறைய 30க்கு 36 மீட்டர். மேற்கே பெரிய ரோடு, வடக்கே சின்னத் தெரு. எஃப்எஸ்ஐ (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற எண்) 2 என்றால் கட்டக்கூடிய தளப்பரப்பு சுமார் 2,160 சதுர மீட்டர். இதைக் கணக்குப் போட்டவுடன் எல்லாருக்கும் எலிவேஷன், அதாவது வெளித்தோற்றம், வரையத்தான் கை போகும். முக்கில் ஒரு வளைவு, மேலே கண்ணாடி, உச்சியில் ஒரு கோபுரம். ஆனால் இந்த வகைக் கட்டடத்தில் பாதி விஷயத்தை, கட்டடத்தைச் செங்குத்தாக வெட்டிக் காட்டும் செக்‌ஷன்தான் முடிவு செய்கிறது. முதல் ரிவ்யூவுக்கே செக்‌ஷனோடு போங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். கடைத் தளத்துக்குத் தரையிலிருந்து தரை 4.2 மீட்டர், வீட்டுத் தளத்துக்கு 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நாலு தளம் வீடு போட்டால் மொத்தம் 16.2. ஐந்தாவது தளம் போட்டால் 19.2. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ல் 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயர்மாடிக் கட்டடம். சுற்றிலும் விடவேண்டிய இடம், ரோட்டின் அகலம் எல்லாமே வேறு கணக்கு. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-லோ 15 மீட்டரிலேயே உயர்மாடி தொடங்கிவிடுகிறது. ஆக நாலு தளத்தோடு நிறுத்தினாலும் தீயணைப்பு விஷயத்தில் ஒரு கோட்டைத் தாண்டியிருக்கிறோம். இந்த இரண்டு எண்ணையும் தெரிந்துகொண்டு எந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று சொல்லத் தெரிந்தால் ஜூரியில் பாதி மரியாதை கிடைத்துவிடும்.

அடுத்தது கார். பேஸ்மென்ட் போட்டுவிடலாம் என்பது வாயில் சுலபம். 3 மீட்டர் கீழே இறங்க, ஒன்றுக்கு எட்டு சரிவில் ராம்ப் மட்டும் 24 மீட்டர் ஓடும். 36 மீட்டர் மனையில் மூன்றில் இரண்டு பங்கு அதுவே தின்றுவிடும். அதனால் முன்னால் ரோட்டைப் பார்த்துக் கடைகள், பின்னால் ஸ்டில்ட் பார்க்கிங் (தரைத்தளத்தில் தூண்களுக்கு இடையே கார் நிறுத்தும் இடம்) என்று பிரித்தேன். வண்டி நுழைவது சின்னத் தெருவிலிருந்து, முக்கை விட்டு எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி. வீட்டுக்காரர்களின் வாசலும் அதே தெருவில்தான், ஆனால் தனியாக. ஸ்கூல் விட்டு வரும் பிள்ளை டெலிவரி டெம்போவைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் போகக் கூடாது. லிஃப்டையும் படிக்கட்டையும் முக்கில் வைப்பவர்கள் உண்டு, பார்க்க எடுப்பாக இருக்கிறது என்று. கடைக்காரர் அதிக வாடகை தரும் இடத்தை லிஃப்டுக்குக் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

காலம் கிரிட், அதாவது தூணுக்குத் தூண் இடைவெளி, 8.1 மீட்டர். ஒரு காருக்கு 2.5 வீதம் மூன்று கார் 7.5, தூணுக்கு 0.6. இதில் பாதி 4.05, ஒரு ஷட்டர் கடைக்குச் சரியாக வரும், மேலே ஹாலுக்கும் படுக்கையறைக்கும் ஒத்துவரும். வேறு கிரிட் எடுத்தாலும் கார், கடை, வீடு மூன்றிலும் பொருத்திப் பாருங்கள். மேலே வீட்டுக்கு ஒரு கிரிட், கீழே காருக்கு ஒரு கிரிட் என்று வரைந்துவிட்டு நடுவில் மேல் தூண்களின் பாரத்தைக் கீழ்த் தூண்களுக்கு மாற்ற டிரான்ஸ்ஃபர் பீம் போடுகிறேன் என்றால் ஸ்ட்ரக்சர் வாத்தியார் சும்மா விடமாட்டார்.

இப்போது யாரும் ஷீட்டில் காட்டாத விஷயம், கக்கூஸ் குழாய். மூன்றாம் மாடிப் பாத்ரூமின் குழாய் நேராக இறங்கினால் ஜவுளிக்கடை நடுவில் வந்து நிற்கும். அதை முதல் தளத்துக்கு அடியில் படுக்கையாகத் திருப்பினால், ஒன்றுக்கு நாற்பது சரிவில் 8 மீட்டருக்கு 20 சென்டிமீட்டர் இறக்கம். பீமுக்குக் கீழே அதுவும் வந்தால் கடையின் 4.2 மீட்டர் உயரத்தில் என்ன மிஞ்சும் என்று நீங்களே பாருங்கள். கீழே பார்க்கிங் பின்னால் இருப்பது இங்கேதான் கை கொடுத்தது. பாத்ரூம், சமையலறை எல்லாம் ஸ்டில்ட்டுக்கு மேலே, ஒன்றின் மேல் ஒன்றாக, குழாய்கள் இறங்கும் ஒரே ஷாஃப்டில். ஹாலும் பால்கனியும் கடைகளுக்கு மேலே, தெருவைப் பார்த்து. வீட்டின் பிளான் கிட்டத்தட்ட தானாகவே விழுந்துவிட்டது.

வெயிலுக்கு வருவோம். மேற்குப் பக்கம்தான் பெரிய ரோடு என்பதால் கடைக்கும் வீட்டுக்கும் அதுதான் முகம். சாயங்கால வெயில் தாழ்வாக வரும்; வெறும் சன்ஷேடு அதைத் தடுக்காது. செங்குத்துத் தடுப்புகளோ ஆழமான பால்கனியோ வேண்டும். வடக்குப் பக்கம் பத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். திருச்சி பத்தே முக்கால் டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஜூனில் உச்சி வெயில் வடக்கிலிருந்துதான் சாய்ந்து விழும். அங்கேயும் சன்ஷேடு போடுங்கள்.

முக்கை என்ன செய்வது? கேஸ் ஸ்டடிக்கு இரண்டு போதும். பார்சிலோனாவில் செர்டா என்ற நகரத் திட்டமிடுநர் 1859-ல் போட்ட திட்டத்தில் ஒவ்வொரு பிளாக்கின் நாலு மூலையும் வெட்டப்பட்டிருக்கும். சந்திப்பே ஒரு சின்ன மைதானம் மாதிரி விரிகிறது. மும்பையில் ஆர்க்கிடெக்ட் சார்லஸ் கொரியாவின் காஞ்சன்ஜங்கா அடுக்குமாடி, 1983: மூலையில் இரண்டு மாடி உயரத்துக்கு வெராண்டாவைக் குடைந்து, வெயிலையும் மழையையும் வீட்டிலிருந்து தள்ளி நிறுத்துகிறார். நான் தரையில் முதலாவதையும் மேலே இரண்டாவதையும் எடுத்துக்கொண்டேன். மூலையில் ஸ்ப்ளே (மூலையைச் சாய்வாக வெட்டிக் காலியாக விடும் இடம்) விடவேண்டும் என்று விதியே சொல்கிறது. வேண்டாவெறுப்பாக விடுவதற்குப் பதில் இன்னும் கொஞ்சம் கூட்டி விட்டால் பூக்காரம்மா உட்காரவும் ஆட்டோ நிற்கவும் இடம் கிடைக்கும்.

சைட் விசிட்டில் காலையில் சரக்கு இறங்கும் நேரத்தில் ஒருமுறை, விளக்கு போட்டபிறகு ஒருமுறை போய்வாருங்கள். முக்கில் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் அதையும் படம் எடுத்து சைட் பிளானில் குறியுங்கள். நம் ஊர் முக்குகளில் பெரும்பாலும் ஒன்று இருக்கும். ரெண்டரில் (கட்டடத்தை நிஜம் மாதிரி காட்டும் கம்ப்யூட்டர் படத்தில்) மட்டும் எப்படியோ காணாமல் போய்விடுகிறது.

ஜூரிக்கு மாடல் 1:200 போதும், ஆனால் பக்கத்துக் கட்டடங்களையும் எதிர் வரிசையையும் சேர்த்துச் செய்யுங்கள், வெறும் அட்டைப் பெட்டிகளாக இருந்தாலும் சரி. ஷீட் ஒட்டும்போது செக்‌ஷனைக் கண் மட்டத்தில் வையுங்கள், ரெண்டர் ஓரமாகப் போகட்டும். பேச ஆரம்பிக்கும்போது கான்செப்ட்டைச் சொல்லாமல், கடைக்காரர் எங்கே நுழைகிறார், வீட்டுக்காரர் எங்கே நுழைகிறார், குப்பை எந்த வழியே வெளியே போகிறது என்று விரலால் காட்டிச் சொல்லுங்கள். அப்புறம் கேள்விகளும் அந்த வழியிலேயே வரும், பதிலும் கைவசம் இருக்கும்.